ஆயிரத்து அறுநூறு மணி நேரம்

இரவெல்லாம் குப்பிகளின் மேல் ஒட்டியிருப்பதைப் படிப்பவள் நான்.
மருந்தின் பெயர், வீரியம், காலாவதி மாதம்.
படிக்காமல் ஊசியில் ஏற்றியதில்லை
பதினேழு வருஷத்தில் ஒருமுறைகூட.
ஆகவே திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் நைனா முகமது
"அஞ்சு ஸ்டாரு, கண்ண மூடிக்கிட்டு எடுங்க சிஸ்டர்" என்றபோது
மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

நட்சத்திரங்களை விட்டுவிட்டேன்.
தெருவில் போகிறவருக்கும் தெரிகிற அளவில் இருந்தன அவை.
நிலவரம் எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண்.
பருவம் முழுக்க அறையிலிருந்து வாரி வெளியே கொட்டும் சூட்டை
அதற்காகத் தின்ற கரண்டால் வகுத்தது.
பெரிதாக இருந்தால் நல்லதாம்.
என் வார்டில் அப்படிப்பட்ட எண்கள் குறைவு.

அதற்கும் கீழே இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை.
"இது பழைய ஸ்டிக்கராச்சே?"
நைனா பிடரியைச் சொறிந்தார்.
இடையில் அளவுகோலை உயர்த்திவிட்டார்களாம்.
அன்றைக்கு ஐந்து, இன்றைக்கு நான்கு.
மெஷினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.
அதனால்தான் மூவாயிரம் தள்ளுபடி என்பதைக்
கேட்ட பிறகு சொன்னார்.

புதிதில் ஐந்து ஒன்றும் மூன்று ஒன்றும் காட்டச் சொன்னேன்.
ஐந்து ஆண்டுக்கு ஐந்நூற்று நாற்பது யூனிட் குடிக்கும், மூன்று எழுநூறு.
விலையில் வித்தியாசம் ஆறாயிரத்து ஐந்நூறு.
யூனிட் ஆறு ரூபாயென்று வைத்து
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தால்
போட்ட பணம் திரும்ப ஏழு வருஷம்.
"பாத்தீங்களா, மூணே போதும்" என்றது
கூட வந்த ஜெசிந்தா.

ஆனால் அந்த யூனிட்டெல்லாம்
வருஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு மணி நேரத்துக்கு.
யாருடைய மணி நேரம் அது?
ராத்திரி தூங்கி விடியலில் எழுகிற யாரோ ஒருவருடையது.
நான் காலை ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுபவள்.
நான் எழுந்துபோன கட்டிலில் இரவு நான்கு மணி நேரம் மகள்.
பங்குனியில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் இருநூற்று நாற்பது நாள்.
இரண்டாயிரத்து நானூறு.
மறுபடி வகுத்தேன்: நாலரை வருஷம்.
ஐந்தையே போடச் சொன்னேன்.

எங்கள் ஊர் கடைமடை.
கல்லணையில் திறந்த தண்ணீர்
எல்லார் வயலையும் நனைத்துவிட்டு மிச்சம் மீதியாய் வரும்.
கரண்டும் அப்படித்தான்,
டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த வீடு குடித்த பிறகு எங்களுக்கு.
நடுப்பகலில் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும்.
மேற்குச் சுவர் சாயங்காலம் ஏழுவரை
கை வைத்தால் சுடும்.
இதெல்லாம் ஸ்டிக்கருக்குத் தெரியாது.
அது எங்கோ ஓர் ஆய்வு அறையில் எழுதப்பட்டது,
அங்கே மேற்குச் சுவர் கிடையாது.

மாட்டிய மூன்றாம் நாள்
பின்சந்து தையல்நாயகி கதவைத் தட்டினாள்.
"ஒங்க வீட்டு அனல் முழுக்க என் அடுப்படி ஜன்னல்ல அடிக்குது."
போய் நின்று பார்த்தேன்.
என் அறையிலிருந்து வாரியது எல்லாம் அங்கே இருந்தது,
மெஷின் தின்ற கரண்டும் சூடாகி அதோடு சேர்ந்திருந்தது.
மேல்மடைக்காரன் மடையை மறித்துக்கொண்டால்
வரப்பில் நின்று கத்துகிற குடும்பத்தில் பிறந்தவள் நான்.
ஒன்றும் பேசவில்லை.

வெளிப்பெட்டியை மாடிக்கு ஏற்றச் சொன்னேன்.
மூன்று மீட்டர் கூடுதல் செம்புக் குழாய்,
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.
"குழாய் நீண்டா ஸ்டார் கொறையுமா தம்பி?"
"கொஞ்சமாக் கொறையும்க்கா. ஆனா ஸ்டிக்கரை யாரும் மாத்த மாட்டாங்க."

நாலரை, ஐந்தாகியிருக்கலாம், ஆறாகவும்.
இன்னும் வகுத்துப் பார்க்கவில்லை.

இப்போது பகல் பதினொன்று.
திரையை இழுத்துவிட்டு இருபத்தாறில் வைத்தேன்.
கதவிடுக்கில் பழைய வார்டு போர்வை.
ஸ்டிக்கரை உரிக்காதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.
முதல் பில் ஆடியில் வரும்.
தண்ணீரும் ஆடியில் வரும் என்கிறார்கள்.